ஓரகத்தி வாங்கிய பூஜ்யம்

எனக்குக் கர்ப்பப்பை இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவளுக்கும் இறங்கிவிட்டது. இதைச் சொன்னால் எனக்குத்தான் கிறுக்கு என்பீர்கள். ஆனால் இருபத்தாறு வருடமாக அவளோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் செய்கிறவள் நான். நான் ஒரு செருப்பு வாங்கினால் மறுவாரம் அவள் காலில் அதைவிடக் குதிகால் உயர்ந்த ஒன்று இருக்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள், அவளுக்கு மூன்று. எனக்குப் பல்லில் சொத்தை விழுந்தபோது பிடுங்கிப் போட்டார்கள். அவளுக்கு விழுந்தபோது தங்கத்தில் தொப்பி போட்டுவிட்டார்கள். வியாதி ஒன்றையாவது எனக்கென்று தனியாக விட்டுவைப்பாள் என்று பார்த்தேன், அதற்கும் வழியில்லை.

அவள் என் கொழுந்தனின் மனைவி. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம், நான் பெரியவள். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து சலவைக்கூடம் நடத்துகிறார்கள். நடத்துவது அவர்கள், வேலை செய்வது நாங்கள். கீழே கூடம், மேலே வீடு. தங்கும் விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக வரும். ஈர விரிப்பின் கனம் தூக்கியவளுக்குத்தான் தெரியும். இயந்திரத்தின் வாய்க்குள் பாதி உடம்பை நுழைத்து, முறுக்கிக்கொண்டு கிடப்பதை உருவி, தள்ளுவண்டியில் போட்டு, உலர்த்தும் இயந்திரத்துக்கு ஏற்ற வேண்டும். மூச்சை அடக்கி அடிவயிற்றை எக்கித்தான் தூக்க முடியும். அப்படி இருபது வருடம் எக்கியதில் ஒருநாள் குளிக்கும்போது கீழே முட்டை அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டது. பயந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு அவளிடம்தான் சொன்னேன், வேறு யாரிடம் சொல்வது. அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான்க்கா இருக்கு" என்றாள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆபரேஷன் இருவருக்கும் ஒரே நாளில் நடந்தது. தனித்தனியாக வைத்தால் இரண்டு தடவை வேன் எடுக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். ஒரே டாக்டரம்மா, ஒரே வைத்தியம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, அதோடு சரிந்திருந்த மூத்திரப்பையை மேலே தூக்கி, பிறப்புறுப்பின் முன்பக்கச் சுவரை இழுத்துத் தைத்துவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். யாருக்கு முதலில் வாயு பிரிகிறது, யார் முதலில் எழுந்து நடக்கிறார்கள் என்பதில்கூட எங்களுக்குள் ஒரு போட்டி இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் இருந்தது.

ஒரு வருடம் கழித்து அளவெடுக்க வரச் சொன்னார்கள். அளவெடுப்பதற்கென்றே அங்கே ஒரு நர்ஸ் இருக்கிறாள், ஒல்லியாக, நிமிர்ந்து. அவளுக்கு நான் வைத்த பெயர் அளவுகோல். சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, "நல்லா முக்குங்க, வெக்கப்படாதீங்க, இன்னும்" என்பாள். நான் முக்கினேன். அவள் குனிந்து பார்த்து ஏதோ எண்களைச் சொல்ல, இன்னொருத்தி எழுதினாள். கடைசியில், "உங்களுக்கு ரெண்டு" என்றாள்.

அடுத்து சின்னவள் உள்ளே போய் வந்தாள். "உனக்கு எவ்வளவு?" என்றேன்.

"பூஜ்யமாம்க்கா."

நான் பள்ளிக்கூடம் போனவள். பூஜ்யம் என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று சட்டென்று இறங்கியது. அவள் தோளைத் தொட்டு, "கவலப்படாத. எல்லாருக்கும் ஒரே மாதிரியா தையல் பிடிக்கும்? போகப் போகச் சரியாயிடும்" என்று சொன்னேன். எவ்வளவு பாசமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வெளியே வேனில் காத்திருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, எனக்கு இரண்டு, அவளுக்கு முட்டை என்றும் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா கூப்பிட்டு இருவரையும் உட்கார வைத்துக் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். "இதுதான் வாசல்னு வச்சுக்குங்க. இறங்கறது இதுக்கு எவ்வளவு உள்ளே நிக்குது, எவ்வளவு வெளியே வருதுன்னு பாப்போம். எதுவுமே இறங்கலன்னா பூஜ்யம்; இறங்க இறங்க எண்ணு ஏறும்." சின்னவளைக் காட்டி, "இவங்களுக்குத் தச்ச இடத்துல அப்படியே நிக்குது. உங்களுக்கு முன்பக்கச் சுவர் மட்டும் கொஞ்சம் இறங்கி, வாசலுக்கு அரை சென்டிமீட்டர் உள்ளே வரைக்கும் வந்திருக்கு. ரெண்டாம் நிலை."

அப்படியென்றால் பூஜ்யம்தான் முதலிடம். சின்னவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்திருந்தாள், ஆனால் வாயோரம் ஒரு சின்ன அசைவு. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"உங்களுக்குத் தொந்தரவு ஏதாவது இருக்கா? கனமா, இழுக்கற மாதிரி?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். இல்லை என்றேன், உண்மை அதுதான். "அப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம். உறுப்பு எங்க நிக்குதுங்கறது ஒரு கணக்கு, நீங்க எப்படி இருக்கீங்கங்கறது வேற கணக்கு. ரெண்டும் எப்பவும் ஒத்துப் போகாது." சொல்லிவிட்டு, எல்லாரிடமும் கேட்பதுபோல் அவளையும் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். அவள் ஒரு கணம் என் பக்கம் பார்த்துவிட்டு, "இல்ல டாக்டர், நல்லா இருக்கேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அதுவரை மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டிருந்தவள் நான். தும்மினால் தெருமுனைவரை கேட்கும்படி தும்முவேன். கீழே ஒரு உறுப்பு இருக்கிறது என்பதே வாரக்கணக்கில் நினைவில் இருக்காது. இப்போது அந்த அரை சென்டிமீட்டர் தூக்கத்தில்கூட வந்து நின்றது. அதே கத்தி, அதே நூல், அதே கை. அவளுக்கு மட்டும் பூஜ்யம், எனக்கு மட்டும் இரண்டு. டாக்டரம்மா என்னைத் தைக்கும்போது கை அயர்ந்திருப்பாரோ, முதலில் அவளைத் தைத்துவிட்டு மிச்சத்தை எனக்கு வைத்தாரோ என்றெல்லாம் யோசித்தேன்.

யோசித்ததோடு நிற்கவில்லை. "எனக்கு ரெண்டாம் நிலை, நான் கனம் தூக்கக்கூடாது. அவளுக்குத்தான் பூஜ்யமாச்சே, அவ தூக்கட்டும்" என்று கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஆண்கள் தலையாட்டினார்கள். நான் இஸ்திரி மேசைக்கு நகர்ந்துகொண்டேன். ஈர விரிப்பு முழுவதும் அவள் பங்குக்குப் போனது. அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பூஜ்யம் வாங்கிய திமிர், தூக்கிக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திமிருக்கு வேறு அடையாளங்களும் இருந்தன. முன்போல என்னோடு உட்கார்ந்து அரட்டை அடிப்பதில்லை. நான் ஏதாவது கேலி பேசினால் சிரிக்க மாட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். வேலை நடுவில் பத்துத் தடவை குளியலறைக்குப் போவாள்; வேலைக்குக் கள்ளம் என்று நான் என் வீட்டுக்காரரிடம் போட்டுக்கொடுத்தேன். வெளியூரில் அவள் அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. ஐந்து மணி நேரப் பஸ். போக முடியாது, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கே போகாத அளவுக்குப் பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று நான் ஊரெல்லாம் பேசினேன்.

பத்து மாதம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. டாக்டரம்மாவிடம் தனியாகப் போய், எனக்குக் கனமாக இருக்கிறது, இறங்குகிறது, கசிகிறது, மறுபடி தைத்துவிடுங்கள் என்றேன். அவ்வளவும் பொய். ஒன்றுகூட எனக்குக் கிடையாது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பூஜ்யம்.

டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "ரெண்டாவது தடவைன்னா வயித்த அறுக்க வேண்டி வரும், வலை வச்சுத் தைக்கணும். முதல் தடவை மாதிரி லேசா இருக்காது. புதுசா வேற தொந்தரவு வந்தாலும் வரும். தொந்தரவு நெஜமா இருந்தாத்தான் செய்யலாம். அடுத்த வாரம் வாங்க, ஒரு படிவம் இருக்கு, அத நிரப்பிக் குடுங்க. பாத்துட்டுத் தேதி சொல்றேன்."

கூட யாராவது வர வேண்டும் என்றார்கள். சின்னவளே வருகிறேன் என்றாள். வேடிக்கை பார்க்க வருகிறாள் என்று எனக்குத் தெரியும். கொழுந்தன் எங்கள் இருவரையும் வேனில் இறக்கிவிட்டு விடுதிகளில் அழுக்குத் துணி எடுக்கப் போய்விட்டார்.

காத்திருக்கும் இடத்தில் தரையில் வரிசையாகத் திருகி வைத்த இரும்பு நாற்காலிகள், எதிரே டோக்கன் எண் ஓடும் பலகை. அளவுகோல் வந்து நான்கு பக்கப் படிவத்தையும் ஒரு பேனாவையும் கொடுத்துவிட்டுப் போனாள். பையைத் துழாவினேன். மூக்குக்கண்ணாடி இல்லை, இஸ்திரி மேசையிலேயே கிடக்கிறது போலும். கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டம்.

"குடுங்கக்கா, நான் படிச்சு எழுதறேன்" என்றாள் சின்னவள்.

வேறு வழியில்லை. மேலே என் பெயரை எழுதினாள், வயதை எழுதினாள். குரலைத் தாழ்த்திப் படிக்க ஆரம்பித்தாள்.

"கீழே ஏதோ இறங்கி வர்ற மாதிரி இருக்கா?"

"இருக்கு."

"இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது, கனம் தூக்கும்போது சிறுநீர் கசியுதா?"

"கசியுது."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"நெறைய தடவை."

"நெறையன்னு எழுத எடம் இல்லக்கா. எண்ணு கேக்கறாங்க. எத்தனை துணி மாத்துவீங்க?"

நான் இதை யோசித்து வரவில்லை. எத்தனை சொன்னால் நம்புவார்கள்? "ரெண்டு" என்றேன். வாயில் அந்த எண்தான் வந்தது.

அவள் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தபடி இருந்தாள். "ரெண்டு எப்படிக்கா பத்தும்? காலையில ஒண்ணு வச்சா மெஷின் ரெண்டு சுத்து முடியறதுக்குள்ள ஊறிடும். பத்து மணிக்கு ஒண்ணு. விரிப்பு ஏத்தும்போது அதுவும் போயிடும். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு. சாயங்காலம் லோடு வந்தா ரெண்டு. படுக்கும்போது ஒண்ணு. ஆறுன்னு போடறேன்."

போட்டாள். அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். "கசியறதால என்னென்ன வேலையெல்லாம் தவிர்க்கறீங்க?" இதற்கு என் பதிலுக்கே அவள் காத்திருக்கவில்லை. குனிந்து வரி வரியாக எழுதிக்கொண்டே போனாள். பஸ், தண்ணீர், கூட்டம், வெளிர் நிறத் துணி என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள்.

"நான் இன்னும் பதிலே சொல்லல" என்றேன்.

"சொல்லுங்க" என்றாள், ஆனால் பேனா நிற்கவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். "புருஷன் பொண்டாட்டி சேர்றப்போ வலி இருக்கா?"

சுற்றிலும் ஆட்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "இருக்குன்னு போடறேன். தச்ச எடம் அவ்ளோ இறுக்கம். உங்க கொழுந்தனார் இப்பல்லாம் ஹால்லதான் படுக்கறார்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. பேனா நின்றது. தலையைத் தூக்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பூஜ்யத்துக்குள் இவ்வளவு ஓட்டையா என்று உள்ளே ஒருத்தி கைகொட்டிச் சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் விரிப்பு மூட்டைகள் கண்முன் வந்தன. பத்து மாதம். ஒரு நாளைக்கு நாற்பது விரிப்பு. "தூக்கு, உனக்கென்ன" என்று சொன்னது யார்? ஒவ்வொன்றைத் தூக்கும்போதும் அவள் நனைந்திருக்கிறாள். நான் இஸ்திரி மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசத்துலேருந்து."

"அன்னிக்கு டாக்டர் கேட்டாங்களே. நல்லா இருக்கேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஏன்டி?"

அவள் பேனாவின் மூடியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டாள். "கல்யாணம் ஆகி வந்த அன்னிலேருந்து எல்லாத்துலயும் நீங்கதான்க்கா முன்னாடி. கணக்கு, சாவி எல்லாம் உங்ககிட்ட. பிள்ளைங்க உங்ககிட்டதான் ஓடும், என் பிள்ளைங்களும் சேத்துத்தான். மூணு பெத்தா என்னைத் திரும்பிப் பாப்பீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு அந்தக் காகிதத்துல டாக்டர் கோடு போட்டுச் சொன்னப்போ உங்க மூஞ்சி எப்படிப் போச்சு தெரியுமா? முதல் தடவையா நான் ஜெயிச்சேன். கசியுதுன்னு சொல்லி அதையும் உங்களுக்கே தூக்கிக் குடுக்கணுமா?"

இருபத்தாறு வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாக என்னோடு பேசியதில்லை. என்னைப் பார்த்து ஒருத்தி வயிறு எரிந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நான்தான் எரிந்துகொண்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பலகையில் என் எண்ணுக்கு முந்தைய எண் வந்து நின்றது.

"பேரை அடி" என்றேன்.

"என்னது?"

"மேல என் பேர் இருக்குல்ல, அத அடிச்சுட்டு உன் பேரை எழுது. இதுல என்னோடது ஒண்ணுமே இல்ல. எனக்கு ஒரு சொட்டும் கசியல. நான் பொய் சொன்னேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எதற்காகப் பொய் சொன்னேன் என்பது அவளுக்குப் புரிந்ததை அவள் கண்ணில் பார்த்தேன். அதைவிட அவமானம் எனக்கு இல்லை.

"வேண்டாம்க்கா. எழுதினா என் பூஜ்யம் போயிடும்."

"அது எங்கயும் போகாது. உன்கிட்டயே இருக்கட்டும். நீ ஜெயிச்சது ஜெயிச்சதுதான்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நான் பட்ட பாட்டை ஆபரேஷன் மேசையிலும் படவில்லை. தொண்டையிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பிடுங்கித்தான் வெளியே போட்டேன்.

அவள் எழுதாமலே உட்கார்ந்திருந்தாள். என் எண் வந்தது. பேனாவை நான் பிடுங்கினேன். கண்ணாடி இல்லாவிட்டாலும் முதல் வரி எங்கே இருக்கிறது என்று தெரியாதா. கண்ணை இடுக்கிக்கொண்டு என் பெயரின் மேல் கோடு இழுத்தேன், பக்கத்தில் அவள் பெயரைக் கொட்டை கொட்டையாக எழுதினேன், அளவுகோலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஆள் மாறிப்போச்சு. உள்ள வர வேண்டியது அவதான்" என்றேன். அளவுகோல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தாள். சின்னவள் எழுந்து போனாள். எழுந்தவுடன் ஒரு கை பின்னால் போய், உடுப்பு நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. எத்தனையோ தடவை அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒருநாளும் ஒதுக்காத டாக்டரம்மா அவளோடு முக்கால் மணி நேரம் பேசினார். நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், கதவின் கைப்பிடியைப் பார்த்தேன். அப்படி என்னதான் பேச்சோ.

கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்தார். "சரிஞ்சிருந்தப்போ மூத்திரக் குழாய் மடங்கி அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. தூக்கி நிறுத்தினதும் நிமிந்துடுச்சு, அதான் கசிவு. அளவு எடுத்தா இது தெரியாது, சொன்னாத்தான் தெரியும். முதல்ல பயிற்சி குடுக்கறோம், தேவைப்பட்டா ஒரு சின்ன ஆபரேஷன். சரி பண்ணிடலாம். ஈரத் துணிய இனிமே ரெண்டு பேரும் தொடக்கூடாது. உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு அடிவயிறு நல்லாத்தானே இருக்கு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வருஷம் ஆகப் போகுது. ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்கல. இந்த மாதிரி மனவுறுதி நான் யார்கிட்டயும் பாத்ததில்லம்மா" என்றார்.

"ஆமா டாக்டர், அவ அப்படித்தான்" என்றேன். எனக்கு வயிறு எரிந்தது. வலியைத் தாங்குவதிலும் அவளே முதலாவது. அந்த உறுதியை அவளுக்குக் கொடுத்தது யார் என்று நல்லவேளையாக டாக்டரம்மா கேட்கவில்லை.